கருவாட்டைத் தொடாத பூனை

சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்தில் எங்களுக்குக் கிடைத்த புது வீட்டுக்குத் தானாகவே வந்து சேர்ந்த பூனை வெள்ளச்சி. முதல் மூன்று வருஷம் அது திருடாத மீன் இல்லை. கருவாடு காயப்போட்டால் நான் குச்சியோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

பிறகு திருட்டை விட்டுவிட்டது. காயும் மத்தி மீனுக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கும், வாய் வைக்காது. நான் மீன் ஆயும்போது என் முகத்தையே பார்க்கும். அனுமதி கேட்கிறது என்று நினைத்தேன். "எம் பூனைக்குப் புத்தி வந்துடுச்சு" என்று தெருவெல்லாம் பெருமை பேசினேன். கஞ்சித்தண்ணியை மட்டும் நக்கி நக்கி அது இளைத்துப்போனதை, வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

அது எழுந்து நிற்கவே முடியாமல் போனபிறகுதான் மீன் கூடையில் வைத்துக் கடலூர் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். அங்கேயும், "மீன்ல வாயே வைக்காது சார், அவ்ளோ நல்ல பூனை" என்றேன்.

டாக்டர் அதன் வாயைத் திறந்து காட்டினார். ஈறெல்லாம் புண்ணும் சீழும்.

"ஆசை இல்லாம இல்லம்மா, கடிக்க முடியல. பல மாசமா வலியிலதான் இருந்துருக்கு."

தினமும் என் முகத்தைப் பார்த்து அது கேட்டது அனுமதி இல்லை.

திரும்பி வரும் வழியிலேயே, கூடைக்குள் அதன் மூச்சு அடங்கிவிட்டது.

போன வாரம் ஏதோ ஒரு பூனை, பக்கத்து வீட்டு அக்காவின் கருவாட்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. அக்கா குச்சியை எடுத்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உடுக்கா. ஒடம்பு நல்லாருக்கு, அதான் திருடுது."