கணக்கில் வராத பந்துகள்

சூரியகாந்தி விதை தின்னும்போது லெலண்ட் ஹாவெல்கா தோலைத் தரையில் துப்பமாட்டான். ஒரு கை விதையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக முன்பல்லுக்குத் தள்ளி, நிமிர்த்தி நிறுத்தி ஒரு கடி. பருப்பு உள்ளே போகும், தோல் உதட்டில் நிற்கும். காகிதக் கோப்பையை வாயருகே கொண்டுபோய் அதைச் சத்தமில்லாமல் உள்ளே விடுவான். மற்றவர்கள் துப்பிய தோல் எங்களைச் சுற்றி உமி மாதிரி கிடக்கும். அவன் காலடியில் மட்டும் மண் தெரியும்.

"எவனாவது கூட்டணும்ல," என்பான்.

நெப்ராஸ்காவில், ப்ளாட் ஆற்றங்கரையில் இருக்கும் சின்னக் கல்லூரி எங்களுடையது. பேஸ்பால் மைதானத்தின் இடது வேலிக்கு வெளியே, டிராக்டர் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு மண்மேடு. ஆட்டத்துக்குள் போகக் காத்திருக்கும் பந்துவீச்சாளர்கள் கையைச் சூடாக்கிக்கொள்ளும் இடம். கொட்டில் என்றுதான் அதைச் சொல்வோம். அங்கே குத்தவைத்து அவர்கள் எறிவதைப் பிடிப்பது என் வேலை. நான்கு வருடத்தில் ஆட்டத்துக்குள் நான் இறங்கியது மிகக் குறைவு. அதிகம் பேசாததால் எனக்கு ஊமை என்று பெயர் வைத்தது லெலண்ட்தான்.

அவனுக்கு வைத்த பெயர் குழாய். திறந்தால் வருவான். கோச் டில்மன் மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து தன் வலது முன்கையைத் தட்டிக் காட்டினால், வலதுகைக்காரன் எழுந்திருக்க வேண்டும். "குழாயைத் திறங்கடா!" என்று வேலியோரம் நிற்கும் யாராவது கத்துவார்கள். கோப்பையைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு லெலண்ட் எழுந்துவிடுவான்.

அவனுக்கு உதவித்தொகை கிடையாது. முதல் வருடம் தானே வந்து, மூன்று நாள் எறிந்து காட்டி, அணியில் ஒட்டிக்கொண்டவன். வேகமும் அப்படியொன்றும் இல்லை. ஆனால் கூப்பிட்ட எந்த நாளிலும் கை வலிக்கிறது என்று சொன்னதில்லை. மேலே போய்ப் பெரிய ஆட்டம் ஆடும் கனவெல்லாம் அவனுக்கு இல்லை. படிப்பு முடிந்ததும் ஊருக்குப் போய்ப் பள்ளியில் விவசாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் அணிக்குப் பந்து வீச வேண்டும். அந்த அணியில் பந்தைப் பிடிக்கும் கேட்சர் அவன் அண்ணன் டுவேன்தான். சின்ன வயதில் களஞ்சியச் சுவரோரம் எறிந்து பிடித்த இருவரும் அணிச் சட்டை போட்டுக்கொண்டு ஒரே அணியில் ஆடியதே இல்லை. வரும் ஜூனில் அது நடப்பதாக இருந்தது. ஊர்க்காரர்கள் அவனுக்குச் சட்டை தைத்து வைத்துவிட்டார்கள் என்று அம்மா கசகசா வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டியோடு சொல்லியனுப்பியிருந்தார். கொலாச்சியைப் பங்கு போட்டபோது அந்தச் செய்தியையும் எல்லோரிடமும் சொன்னான்.

டில்மன் கெட்டவரில்லை. கைகளைக் காப்பாற்றுவதில் எங்கள் வட்டாரத்திலேயே பேர்போனவர். எண்ணும் கருவி ஒன்று எப்போதும் அவர் உள்ளங்கையில் இருக்கும். பந்து வீச்சாளன் கையை விட்டுப் போகும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு அழுத்து. அவர் வைத்திருக்கும் எண்ணைத் தாண்டினால், ஜெயிக்கிற ஆட்டமானாலும் கூப்பிட்டுக்கொள்வார். மறுநாள் அவனைத் தொடமாட்டார். ஆனால் அந்தக் கருவி ஆட்டத்துக்குள் போட்ட பந்தை மட்டும்தான் எண்ணியது. கொட்டகைக்குப் பின்னால் நடப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது.

அந்த ஏப்ரலில் பனி விடவே இல்லை. நின்றுபோன ஆட்டங்களையெல்லாம் வாரக்கடைசிகளில் இரண்டிரண்டாகத் திணித்தார்கள். டில்மன் முன்கையைத் தட்டுவார், லெலண்ட் எழுந்து எறிவான். நிலைமை மாறும், உட்காரச் சொல்வார். குளிரில் கை இறுகிவிடும். மறுபடி தட்டுவார், மறுபடி முதலிலிருந்து சூடாக்க வேண்டும். அப்படியே ஆட்டம் முடிந்துவிடும். கருவியில் அவன் பேரில் ஒன்றும் இருக்காது.

எனக்குக் கையுறையில் தெரிந்தது. முன்பெல்லாம் அவன் பந்து பலகையில் அறைந்த மாதிரி விழும். ஏப்ரல் கடைசியில் ஈரத்துணி விழுகிற சத்தம். முழங்கை தாழ்ந்திருந்தது. எறிந்த பிறகு கையை ஒரு கணம் தொங்கவிட்டு, அது யாருடையதோ என்பது போலப் பார்ப்பான்.

கடைசி வாரக்கடைசி வந்தது. சனிக்கிழமை நான்கு தடவை எழுந்தான், ஒரு தடவைகூட உள்ளே கூப்பிடவில்லை. ஞாயிறு காலை சாப்பாட்டுக் கூடத்தில் பால் குடுவையை இடது கையால் தூக்கினான். வலது கை மடியில் இருந்தது. நான் எழுந்து டில்மனின் மேசைக்குப் போனேன்.

"கோச், லெலண்ட் நேத்து நாலு தடவை சூடாக்கினான். கை சரியில்லைங்க."

டில்மன் என்னைப் பார்த்தார். நான் பேசியதே அவருக்கு ஆச்சரியம். "ஹாவெல்கா, இங்க வா. கை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு கோச்."

"நேத்து எத்தனை போட்ட?"

"ஒண்ணுகூட இல்ல. நீங்கதான் கூப்பிடவே இல்லையே."

"ஊமை என்னமோ சொல்றானே?"

"என் பந்தைப் பிடிச்சுப் பிடிச்சு அவனுக்கு உள்ளங்கை வலிக்குது கோச். பாவம், ஐஸ் வைக்கச் சொல்லுங்க."

மேசை முழுக்கச் சிரித்தது. டில்மனும் சிரித்து என் தோளைத் தட்டினார்.

கொட்டிலுக்குப் போகிற வழியில் கேட்டேன். "ஏன்டா பொய் சொன்ன?"

"எங்கடா பொய்? ஆட்டத்துல ஒண்ணும் போடல, அது நிஜம்தானே."

"ஜூன் ஞாபகமிருக்கா?"

"இன்னிக்கு ஒரு நாள்டா. அப்புறம் கோப்பைப் போட்டி வரைக்கும் ஓய்வுதான். கூப்பிட்டா எழுந்திருக்கிறவன்னுதான் என்னை இங்க வெச்சிருக்காங்க. கடைசி நாள் மாட்டேன்னு சொன்னா நான் யாரு?" பிறகு என் முதுகில் இடது கையால் ஓங்கி ஒரு அடி. "நீ பேசாம இருந்தப்பவே நல்லா இருந்தடா."

அன்று முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். இரண்டாவதிலும் ஜெயித்தால் நான்காவது இடம், கோப்பைப் போட்டிக்குள் நேராக நுழையலாம். தோற்றால், எங்களோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொரு கல்லூரி வேறு ஊரில் தோற்க வேண்டும். இரண்டாவது ஆட்டத்தின் ஐந்தாவது இன்னிங்ஸில் டில்மன் முன்கையைத் தட்டினார். லெலண்ட் எழுந்தான், எறிந்தான், உட்கார்ந்தான். ஆறாவதில் மறுபடி. கடைசி இன்னிங்ஸில் எங்களுக்கு ஒரு ரன் முன்னிலை, எதிராளிகள் இரண்டு பேர் ஓடக் காத்து நிற்கிறார்கள். மூன்றாவது தடவையாகத் தட்டிவிட்டு உள்ளே வரச் சொல்லிக் கையசைத்தார்.

வேலிக் கதவை நான்தான் திறந்துவிட்டேன்.

பதினோரு பந்து போட்டான். இருவரை வெளியேற்றினான். இன்னும் ஒருவன் வெளியேறினால் ஆட்டம் எங்களுடையது. பன்னிரண்டாவது பந்தில் அவன் கை முன்னால் வந்தது, பந்து மட்டும் வேறெங்கோ போனது. கேட்சருக்குப் பத்தடி தள்ளி, பின்வலையில் மோதி உருண்டது. எதிராளிகள் இருவரும் ஓடி வந்துவிட்டார்கள். லெலண்ட் மைதானத்தின் நடுவிலுள்ள வீச்சு மேட்டிலேயே மண்டியிட்டு, குளிருக்குக் குழந்தையைச் சட்டைக்குள் பொத்துவது போல முழங்கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தான். கத்தவில்லை. டில்மன் ஓடினார். வேலி ஓரத்திலிருந்த எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

எங்கள் முறை வந்தும் ரன் எடுக்க முடியவில்லை, ஒரு ரன்னில் தோற்றோம். எங்கள் கடைசி ஆள் வெளியேறியதும் ஒலிபெருக்கி, அந்த இன்னொரு கல்லூரியும் தோற்றுவிட்டது, நாங்கள் கோப்பைப் போட்டிக்குள் என்றது. பையன்கள் துள்ளினார்கள். பிறகு மேட்டைப் பார்த்து ஒவ்வொருவராக நின்றார்கள்.

சாயங்காலம் டில்மன் கொட்டிலுக்கு வந்தார். கருவி இன்னும் கையில் இருந்தது.

"இன்னிக்கு எத்தனை தடவைடா?"

"மூணு, கோச்."

"தட்டினா மெதுவா ரெண்டு பந்து போட்டுட்டு நிப்பான்னு நெனச்சேன். முழுசா எறிஞ்சானா?"

"ஒவ்வொரு தடவையும். முழு வேகத்துல."

பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் விரல் தானாகக் கருவியை அழுத்திக்கொண்டே இருந்தது, நூறைத் தாண்டியும். அதைப் பார்க்க முடியாமல் நான் பந்துகளைப் பொறுக்கப் போனேன்.

முழங்கை நார் முழுக்க அறுந்திருந்தது. அறுத்துத் தைக்கலாம், ஒரு வருடம் ஆகும், மேற்கொண்டு ஆடப்போகிறவர்களுக்குத்தான் அதைச் செய்வது, வாத்தியார் வேலைக்கு இந்தக் கையே போதும் என்றாராம் மருத்துவர். லெலண்ட் "சரிங்க" என்றானாம். ஜூனில் ஒரு ஞாயிறு அவன் ஊருக்குப் போனேன். தைத்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் இருந்தான். டுவேன் முழங்கால் கவசத்தைக் கட்டிக்கொண்டே தம்பி பக்கம் திரும்பாமல் இருந்தான். இன்னிங்ஸ் நடுவே ஒரு சிறுமி வேலியைத் தாண்டி வந்த பந்தை எடுத்து லெலண்டிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கி, எழுந்து, மைதானத்துக்குள் நடந்துபோய் டுவேன் கையில் கொடுத்துவிட்டு வந்தான்.

அந்த இன்னொரு கல்லூரி தோற்ற செய்தி எப்போது வந்தது என்று எனக்கு அக்டோபரில்தான் தெரிந்தது. எங்கள் மைதானத்தில் ஒலிபெருக்கியில் பேசுகிறவர் ஆர்வின் க்ளாசன் என்கிற விதை வியாபாரி. ஆட்டம் நடக்கும்போது எங்களுக்குப் போன் கூடாது, மேலே அறையில் அவருக்கு உண்டு. இரண்டாவது ஆட்டத்தின் நான்காவது இன்னிங்ஸில், லெலண்ட் முதல் தடவை எழுந்திருப்பதற்கு முன்பே, அவருக்குத் தகவல் வந்துவிட்டது. பையன்கள் ஜெயித்து முடித்த சந்தோஷத்தோடு சேர்த்துச் சொல்லலாம் என்று கடைசிவரை வைத்திருந்தாராம்.