அம்மா வாயில் வராத என் பெயர்

ஒரகடத்தில் அம்மாவின் நிலம் கம்பெனிக்குப் போனபோது, வந்த பணத்தை அவள் ஒரு பென்ஷன் பாலிசியில் போட்டாள். உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் அவளுக்குப் பென்ஷன். அவளுக்குப் பிறகு போட்ட பணம் எனக்கு. கடைசிவரை என்னோடுதான் இருந்தாள். போன தையில் போய்விட்டாள்.

மருமகள் ஸ்கூட்டியில் கூட்டிவந்து ஸ்ரீபெரும்புதூர் இன்சூரன்ஸ் ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டாள். "அத்தே, எனக்கு ஷிப்டுக்கு டைம் ஆச்சு. வாயத் தொறந்து பேசணும், இன்னா?"

நான் கடையில்கூட வேண்டியதைக் கையால் காட்டி வாங்குகிறவள்.

கவுண்டரில் இருந்தவர் என் ஆதாரைப் பார்த்தார், அம்மாவின் பாலிசித் தாளைப் பார்த்தார். "நாமினி பேரு வேறயா இருக்கேம்மா. இது யாரு?"

எட்டிப் பார்த்தேன். வீட்டில் என்னைக் கூப்பிடும் பெயர். எனக்கு வைத்தது அப்பாவைப் பெற்றவளின் பெயர். மாமியார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்று அம்மா ஒருநாளும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. பாலிசி எழுத வந்த ஏஜெண்டிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"அது நான்தான்." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சொன்னாப் போதாதும்மா. வாரிசுங்க எல்லாரும் வந்து கையெழுத்துப் போடணும்."

என் தம்பிகள் மூன்று பேர். அம்மா படுக்கையில் கிடந்த நாளில் ஒருவனும் எட்டிப் பார்க்கவில்லை. அவன்கள் வாசலில் போய் நிற்பதா? வந்த கோபத்தில் கூச்சம் எங்கே போனதோ தெரியவில்லை.

"தம்பி, பேருக்குப் பக்கத்துல உறவுன்னு ஒரு கட்டம் கீதே, அத்தப் படிங்க."

"மகள்னு இருக்கு."

பையிலிருந்து வாரிசு சான்றிதழை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். "இதுல மூணு பையன், ஒரே பொண்ணு. அப்போ அந்த மகள் யாரு?" மாமியார் பெயர் கதையையும் சத்தமாகவே சொன்னேன்.

பின்னால் நின்ற அம்மாள், "எங்க வூட்லயும் அப்டிதான் சார். நான் பெத்த பொண்ணு பேர நானே சொன்னதில்ல" என்றாள். வரிசையே சிரித்தது.

அவர் உள்ளே மேனேஜரிடம் போய்விட்டு வந்தார். "ரெண்டு பேரும் உங்க பேருதான்னு நோட்டரிகிட்ட எழுதி வாங்கியாங்க, போதும். இந்தப் பாரத்துல ரேகை வைக்கிறீங்களா?"

"எதுக்கு? அஞ்சாவது படிச்சிருக்கேன்." அழுத்திக் கையெழுத்துப் போட்டேன்.

நோட்டரி தாளைக் கொடுத்த கொஞ்ச நாளில் பணம் வந்துவிட்டது. பின்னாலேயே ஆபீஸிலிருந்து கடிதமும் வந்தது. மருமகள் வாசலில் நின்றே உரக்கப் படித்தாள். இரண்டு பெயரும் அதில் இருந்தன. சட்டென்று நிறுத்தி, "இன்னா அத்தே, உங்க பேர நான் சொல்லலாமில்ல?" என்றாள்.

"தெருவுக்கே கேக்கற மாதிரி சொல்லு" என்றேன்.