சரோஜினியின் தீவுப் பாடல்

மலேசியாவின் சிகாமட்டில் முப்பது ஆண்டுகள் பியானோ கற்பித்த சரோஜினி தியாகராஜா, தம் வாழ்நாளில் ஒரேயோர் இசைப் படைப்பை மட்டுமே எழுதினார். அதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் பிடித்தன. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகியவற்றுக்காக எழுதப்பட்ட அந்தப் படைப்பு, ஒரு கிரேக்கத் தீவுப் பாடலிலிருந்து பிறந்தது.

1983ஆம் ஆண்டு லண்டனில் அவர் இசை பயின்றபோது தங்கியிருந்த வீடு, கலியோப்பி என்னும் கிரேக்கப் பெண்மணிக்கு உரியது. இஸ்திரி போடும்போது அப்பெண்மணி எப்போதும் ஒரே பாடலைப் பாடுவார். மூன்று, இரண்டு, இரண்டு என ஏழு தட்டுகள். ஆட்டத்துக்கு உரிய தாளந்தான். ஆனால் அவர் பாடக் கேட்டால் யாருக்கும் ஆடத் தோன்றாது. கடலுக்குச் சென்று திரும்பாத அண்ணனைப் பற்றிய பாடல் அது.

சரோஜினி முதலில் பென்சிலால் எழுதுவார். பக்கம் நிறைவு பெற்றதும் ஊற்றுப்பேனாவால் செம்பிரதி எடுப்பார். பென்சில் தாளை உடனே கிழித்துவிடுவார். ஒரு படைப்புக்கு இரண்டு பிரதிகள் இருந்தால், வாசிப்பவர்கள் கையில் பிழையானதே சேரும் என்பது அவர் எண்ணம். ஜோகூர் பாருவைச் சேர்ந்த நால்வர் குழுவொன்று 2023 ஜூனில் நடக்கவிருந்த நிகழ்ச்சியில் அதை மேடையேற்ற ஒப்புக்கொண்டது. குழுவில் செல்லோ வாசிக்கும் விஜயேந்திரன், பக்கங்களைப் படமெடுத்து அனுப்புமாறு இருமுறை கேட்டார். கடைசிப் பக்கம் முடியட்டும் என்று சரோஜினி தள்ளிப்போட்டார்.

அந்த ஆண்டு மார்ச் மாதம் ஆறு பெருகியது. 2011இல் தண்ணீர் இடுப்பளவே வந்திருந்ததால், செம்பிரதியைப் பியானோவின் மேல் வைத்துவிட்டு அவர் நிவாரண மையத்துக்குச் சென்றார். நான்கு நாள் கழித்து, பக்கத்து வீட்டு வாசுகியுடன் திரும்பினார். பியானோ முகங்குப்புறக் கிடந்தது. தாள்கள் சேற்றில் ஒட்டியிருந்தன. வாசுகி ஒன்றை மெல்ல உரித்தெடுத்துப் பதறினாள்.

“அலமாக்! டீச்சர், அஞ்சு கோடு மட்டுந்தான் இருக்கு. நீங்க எழுதுனது எங்க?”

“தண்ணி வாசிச்சிட்டுப் போயிருச்சும்மா.”

அச்சிட்ட கோடுகள் அழியவில்லை. பேனா மை முழுவதும் கரைந்துவிட்டது.

விஜயேந்திரன் தொலைபேசியில் அழைத்தார்.

“அக்கா, அப்பவே ஃபோட்டோ எடுங்கன்னு சொன்னேன்லா.”

“சொன்ன. இப்பத் திட்டிக்கோ, நேரம் இருக்கு.”

“திட்டல. மூணு மாசம் இருக்கு. மறுபடி எழுதலாமே?”

தேவாலயத்தில் ஒரு கீபோர்டை இரவல் வாங்கி, அவர் நாள்தோறும் காலையில் அமர்ந்தார். தீவுப் பாடல் ஒரு சுரமும் பிசகாமல் வந்தது. அதைச் சுற்றித் தாம் பின்னியவை வரவில்லை. வியோலா பாடலுக்கு எதிராக நடக்கும் இடம், செல்லோ ஏழாம் தட்டில் நின்றுவிடும் இடம் என எதெது எங்கெங்கு இருந்தது என்பது நினைவில் நின்றது. எப்படி ஒலித்தது என்பது நிற்கவில்லை. எழுதிப் பார்த்தவை எல்லாம் யாரோ எழுதியவை போல் இருந்தன. மே மாத இறுதியில் அவர் விஜயேந்திரனை அழைத்தார்.

“பாட்டு மட்டுந்தான் இருக்கு.”

“அது போதும்க்கா. பாட்டுக்குக் கீழ நாங்க நாலு பேரும் ஏதாச்சும் சேர்த்துக்கிறோம். உங்க பேருலயே வாசிக்கலாம், யாருக்குத் தெரியப்போவுது?”

“பாட்டு அந்தக் கிரேக்க அம்மாவோடது, விஜி. கீழ இருந்ததுதான் என்னோடது.”

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நால்வரும் அந்தப் பாடலை எந்தச் சேர்க்கையும் இல்லாமல் ஒரே குரலாக வாசித்தார்கள். மூன்று நிமிடங்கூட ஆகவில்லை. நிகழ்ச்சித்தாளில் ‘கிரேக்கத் தீவுப் பாடல்’ என்று மட்டும் அச்சிடப்பட்டிருந்தது. இயற்றியவர் பெயர் இல்லை. அவ்வாறே அச்சிட வேண்டும் என்று சரோஜினி வற்புறுத்தியிருந்தார். மண்டபம் கைதட்டியபோது, விஜயேந்திரன் மேடையிலிருந்து மூன்றாவது வரிசையில் இருந்த சரோஜினியை நோக்கிக் கை நீட்டினார்.

“எழுந்திருங்க டீச்சர், உங்களைத்தான் கூப்பிடுறாங்க” என்றாள் வாசுகி.

“என்னை இல்லம்மா. நீ கைதட்டு” என்று சொல்லிவிட்டு, சரோஜினியும் மற்றவர்களைப் போல் அமர்ந்தபடியே கைதட்டினார்.