மலையே இல்லாத ஊரின் மலையோட்டச் சங்கம்

அருள்தாஸ் அண்ணன் பொய் சொல்கிறார். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது, அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். சென்ற வாரம் எங்கள் ஊர் வாட்ஸப் குழுவில் ஒரு பழைய தாளைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார். எங்கள் மலையோட்டச் சங்கத்தின் செய்தித்தாள், கடைசி இதழ். அதில் 'மலை ஓட்டத்தில் சங்கத்தின் முதலிடம்: செயலாளர் அருள்தாஸ்' என்று இருக்கிறது. அதற்குக் கீழே சிங்கப்பூரிலிருந்து அவருடைய மகன், மருமகள், சம்பந்தி என்று வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். ஒருவர் தங்கக் கோப்பைப் படம் வேறு போட்டிருந்தார்.

போகட்டும் என்று விட்டிருப்பேன். சென்னையிலிருந்து என் மகள் கூப்பிட்டாள். அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாள்.

"ஏம்மா, நீ மலையில ஓடுனேன்னு சின்ன வயசுலேருந்து சொல்லிக்கிட்டே இருப்ப. இதுல உறுப்பினர் செய்தியில நீ கட்டுச்சோறு கட்டிக் குடுத்து உதவுனேன்னுல்ல போட்டிருக்கு?"

கேட்டுவிட்டுச் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை, அம்மாக்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று மன்னித்துவிடும் சிரிப்பு. அதுதான் எரிந்தது. அந்தப் புளியோதரையை நான் கட்டவும் இல்லை. கட்டியது கலியபெருமாள் அண்ணன் பெண்டாட்டி.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, படியெடுக்கும் சைக்ளோஸ்டைல் மையின் வாசனை வந்தது. கைபேசியில் வாசனை வராது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வந்தது. அந்த எழுத்துகள் நான் அடித்தவை. 'ழ' மட்டும் அரைக்கால் மேலே ஏறி நிற்கும், அது நான் வேலை பார்த்த டைப்பிங் இன்ஸ்டிடியூட்டின் மூன்றாம் நம்பர் மெஷின்.

சங்கம் தொடங்கிய கதையும் அந்த மெஷினில்தான் இருக்கிறது. நாங்கள் கும்பகோணத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரை ஊர். எந்தத் திசையில் பார்த்தாலும் வயல், அதற்கு மேல் தென்னை, அதற்கு மேல் வானம். மலையைக் காலண்டரில் பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்ட ஊரில் அருள்தாஸ் அண்ணன் பேப்பரில் ஒரு விளம்பரத்தைப் பார்த்தார். பச்சைமலையில் மார்கழி மாத ஓட்டப் பந்தயம், மலையோட்டச் சங்கங்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம். வேறு யாராவது என்றால் பேப்பரை மடித்து வைத்திருப்பார்கள். இவர் நேரே கும்பகோணம் போய் ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டு வந்துவிட்டார். ஸ்டாம்பில் மலை வேண்டும் என்றாராம். செய்கிறவர் எந்த மலை என்று கேட்டிருக்கிறார். "பொதுவா ஒரு மலைங்க" என்றிருக்கிறார் இவர். வந்தது இட்லி. இட்லியின் உச்சியில் ஒரு ஆள் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

விண்ணப்பம் அடிக்க என்னிடம் வந்தார். வாத்தியார் வீட்டுப் பிள்ளை, பேச்சு எப்போதும் கணக்காக இருக்கும். சங்கத்துக்குக் குறைந்தது நான்கு பேர் வேண்டும். இவர் ஒன்று, சைக்கிள் கடை கலியபெருமாள் அண்ணன் இரண்டு, என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ராஜேந்திரன் மூன்று. நாலாவது இடத்தில் என்ன பெயர் அடிக்க என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"டவுன் பஸ்ஸ தொரத்திக்கிட்டு தெனமும் கரை மேல ஒரு மஞ்சத் தாவணி ஓடுமே, அது நீதான?"

நான்தான். எங்கள் ஊர் நிறுத்தத்தில் அந்த டிரைவர் நிறுத்தவே மாட்டார், அடுத்த மதகு வரை ஓடித்தான் பிடிக்க வேண்டும். விண்ணப்பத்தில் ஆண்கள் என்று எங்கும் இல்லை. என் பெயரை நானே அடித்தேன். வீட்டில் சொன்னபோது அப்பா களத்தில் வைக்கோல் பிரி முறுக்கிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு ஓடணும்? யாராச்சும் தொரத்துறாங்களா?"

இல்லை என்றேன். அப்படியானால் மெதுவாக ஓடு என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மலைக்குப் பயிற்சி வேண்டுமே. இருப்பதிலேயே உயரம் கொள்ளிடக் கரைதான். விடிந்ததும் பனியில் கரையின் அடியில் வரிசையாக நிற்போம். கலியபெருமாள் அண்ணன் சைக்கிள் மணியைக் கழற்றிக் கொண்டுவந்து அடிப்பார். தலைதெறிக்க மேலே ஓடுவோம். நாற்பது தடவை ஏற வேண்டும் என்பது செயலாளர் உத்தரவு. இறங்குவதற்கு என்ன வழி? இறங்கி நேரத்தை வீணாக்கக் கூடாது என்று மூன்று ஆண்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தென்னை மட்டை. கரை உச்சியில் மட்டையில் உட்கார்ந்து காலைத் தூக்கினால் பனி நனைந்த புல்லில் சர்ரென்று கீழே வந்துவிடலாம். மூன்று வளர்ந்த ஆண்கள், ஒருவருக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், அதிகாலையில் மட்டையில் உட்கார்ந்து கூவிக்கொண்டு வருவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். ஒரு நாள் அவரே கேனைக் கீழே வைத்துவிட்டு ஒரு தடவை சறுக்கிவிட்டுப் போனார்.

எனக்கு மட்டை கிடையாது. பெண்பிள்ளை மட்டையில் சறுக்கினால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று செயலாளர் தடுத்துவிட்டார். ஓடினால் பேசமாட்டார்களாம். அதனால் நான் காலால்தான் இறங்கினேன். அது எனக்குப் புதிதும் இல்லை. எட்டு வயதிலிருந்து தலையில் புல்லுக்கட்டோடு அந்தச் சரிவில் இறங்கியிருக்கிறேன். பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை மடக்கி, குறுக்கும் நெடுக்குமாக வர வேண்டும். நேராக வந்தால் கட்டு முன்னால் போகும், பின்னால் நாம் போவோம்.

"கால தேச்சு என்னத்த கண்ட" என்று மட்டையில் என்னைத் தாண்டும்போது கலியபெருமாள் அண்ணன் கத்திக்கொண்டே போவார்.

பச்சைமலைக்கு முன்னால் கார்த்திகையில் எங்கள் கரை மேலேயே பந்தயம் வைத்தோம். பனி கொட்டியதில் முன்னால் போகிறவர் முதுகு தெரியாது. பாதி வழியில் வாத்துக் கூட்டம் ஒன்று கரையேறியது. ஆற்றுப் பக்கம் மேய்க்க ஓட்டிப்போகிறார்கள். நாங்கள் ஓட, அவையும் மிரண்டு முன்னால் ஓட, எல்லைக் கோட்டை எங்களுக்கு முன்பே நூறு வாத்து தாண்டிவிட்டது. மேய்க்கிறவர் எங்களை ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. அந்த மாதச் செய்தித்தாளில் 'முதலிடம்: வாத்துகள்' என்றே அடித்தேன். அருள்தாஸ் அண்ணனே அதில் ஸ்டாம்பையும் குத்திக் கொடுத்தார். வாத்து ஜெயித்தால் அவருக்குக் கவலையில்லை.

செய்தித்தாள் ஒரே தாள்தான். மேலே பந்தயம், கீழே உறுப்பினர் செய்திகள். கலியபெருமாள் கடைக்குப் புது பம்பு வந்துள்ளது. ராஜேந்திரன் வீட்டு மாடு கிடேரிக் கன்று ஈன்றது, இரண்டும் நலம். செயலாளர் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுள்ளார். உறுப்பினர் நால்வர், படித்தவர்கள் ஊர் முழுக்க. டீக்கடையில் ஒட்டுவோம், முடிவெட்டும் கடையில் ஒட்டுவோம். மாட்டைப் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்தார்கள்.

அப்புறம் மலை. கலியபெருமாள் அண்ணனுக்குத் தெரிந்தவர் வைத்திருந்த நெல் ஏற்றும் வேனில் முதல் நாளே கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராமல் மலைக்கு ஓடுகிறானே என்று அருள்தாஸ் அண்ணனின் அம்மா ஜெபம் பண்ணி அனுப்பினார். வேனில் புளியோதரை மூட்டை, நாங்கள் நான்கு பேர், மூன்று தென்னை மட்டை. ஆமாம், மட்டை. நல்லதாகப் பார்த்து, ஓரம் சீவி, கயிறு போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு போனோம். மலையில் இருப்பவர்களும் இறங்கும்போது எதிலாவது உட்கார்ந்துதான் வருவார்கள் என்று நாங்கள் உண்மையாகவே நம்பினோம். எங்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

துறையூர் தாண்டி மலை தெரிந்ததும் எல்லாரும் தலையை வெளியே நீட்டினோம். ராஜேந்திரன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"என்னண்ணே இது, நம்ம கரைய ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்சிருக்காங்க."

மேலே ஏறி, அங்கே கையில் முத்திரை வாங்கிக்கொண்டு, இறங்கி அடிவாரம் வந்தால் பந்தயம் முடிந்தது. ஏறுவதில் நாங்கள் சோடை போகவில்லை. நாற்பது தடவை கரை ஏறியவர்கள் இல்லையா. மூன்று பேரும் எனக்கு முன்னால் மேலே போய்விட்டார்கள், அருள்தாஸ் அண்ணன் எல்லாருக்கும் முன்னால். நான் நாக்குத் தள்ளி உச்சிக்குப் போனபோது அவர்கள் மூவரும் இறங்குகிற வழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வழி முழுக்கக் கல், முள். ராஜேந்திரன் மட்டையை முதுகில் கட்டிக்கொண்டே ஏறியிருக்கிறான். உட்கார்ந்தான். மூன்று அடி போனான். மட்டை இரண்டாகப் பிளந்தது. முத்திரை குத்துகிறவர் மேஜையை விட்டு எழுந்து வந்து, "தம்பி, எந்த ஊர் நீங்க?" என்று கேட்டார். அவன் திருச்சி என்றான். எங்கள் ஊர் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறான்.

கலியபெருமாள் அண்ணன் திரும்பி நின்றுகொண்டு ஏணியில் இறங்குவதுபோலப் பின்பக்கமாக இறங்கினார். அருள்தாஸ் அண்ணன் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். பத்தடிக்கு ஒரு தரம் ஒரு கல்லைக் கட்டிப்பிடித்தார். நான் பாதத்தைத் திருப்பினேன், முழங்காலை மடக்கினேன், குறுக்கும் நெடுக்குமாக விட்டேன் ஓட்டம். எதிரே ஏறி வருகிறவர்கள் ஒதுங்கினார்கள். அருள்தாஸ் அண்ணனைத் தாண்டும்போது கல்லைப் பிடித்தபடியே கேட்டார்.

"எப்படி எறங்குற நீ?"

"தலையில புல்லுக்கட்டு இருக்குன்னு நெனச்சுக்கிட்டு வாங்கண்ணே."

வாழ்க்கையில் அவ்வளவு சிரித்துக்கொண்டு நான் எங்கும் போனதில்லை. யாரும் துரத்தவில்லை, தலையில் பாரமில்லை, கால் தானாகப் போகிறது. அடிவாரக் கயிற்றைத் தாண்டி நின்று, சாந்து பூசிய மாதிரி புழுதியோடு, ஒரு குடம் தண்ணீர் குடித்திருப்பேன். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்காதீர்கள். நான் புளியோதரை சாப்பிட்டு முடித்து, ஒரு தூக்கமும் போட்டிருந்தேன். மொத்தப் பந்தயத்தில் நான் எத்தனையாவது என்றும் கேட்காதீர்கள். எங்கள் சங்கத்தில் நான் முதல். அது போதும் எனக்கு.

ஒவ்வொரு சங்கத்திலும் முதலில் வந்தவருக்கு ஒரு சான்றிதழ் உண்டு. பெயர் இடத்தைக் காலியாக விட்டுச் செயலாளர் கையில் கொடுத்தார்கள். திரும்பி வரும் வேனில் அவர் அதைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக வந்தார். பிறகு, கப்பல் கட்டும் வேலைக்குச் சிங்கப்பூருக்கு ஆள் எடுக்கிறார்கள், உடம்பில் தெம்பு இருக்கிறது என்று காட்ட ஒரு தாள் இருந்தால் நல்லது என்று ஏஜெண்ட் சொன்னதைச் சொன்னார்.

"இத நான் எடுத்துக்கறேன் தங்கச்சி. நீ இத வச்சுக்கிட்டு எங்க போகப் போற? செய்தித்தாள்லயும் அப்படியே போட்டுடு, ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகணும். அடுத்த இதழ்ல திருத்தம் போட்டுடலாம்."

மற்ற இருவரும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வயல்தான் இருந்தது. நானும் சரி என்றேன். அவர் எழுதிக்கொடுத்ததை மறுநாள் ஸ்டென்சிலில் அடித்தேன். நான் சோறு கட்டிய வரியையும் நானேதான் அடித்தேன். தப்பாக அடித்தால் பூசும் சிவப்பு மருந்து, நகப்பாலிஷ் வாசனை வரும், கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. திறக்கவில்லை. இன்றைக்கு இவ்வளவு கத்துகிறேனே, அன்றைக்கு வாயில் என்ன இருந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். இருபது வயது. ஒரு மனிதன் பிழைக்கப் போகிறான், தடுப்பானேன் என்று நினைத்தேன் போல.

அடுத்த இதழ் வரவில்லை. அருள்தாஸ் அண்ணன் சித்திரையில் விமானம் ஏறினார். ராஜேந்திரன் அந்தக் கிடேரியை விற்று ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டுக் குவைத் போனான். ஊரில் மொபெட்டுகள் வரத் தொடங்க, கலியபெருமாள் அண்ணன் கடையை மூடிவிட்டுப் பிள்ளைகளோடு திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனார். அடுத்த மார்கழியில் கரையின் அடியில் நான் மட்டும் நின்றேன். மணி அடிக்க ஆள் இல்லை. இரண்டு தடவை ஏறி இறங்கிவிட்டு பஸ் பிடிக்கப் போனேன்.

இப்போது அந்தக் கரையின் உச்சியில் தார் போட்டிருக்கிறார்கள், மணல் லாரிகள் போகின்றன. சரிவில் கருங்கல் பதித்தாகிவிட்டது, மட்டை சறுக்காது. சரிவில் புல்லும் இல்லை, புல்லுக்கட்டும் இல்லை. தென்னையில் பாதி புயலில் போனது. டைப்பிங் இன்ஸ்டிடியூட் இருந்த மாடியில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் அலுவலகம் நடக்கிறது. டவுன் பஸ் எங்கள் ஊரில் ஒழுங்காக நிற்கிறது, ஏறத்தான் ஆளில்லை.

குழுவில் நான் 'இது தப்பு' என்று எழுதிய உடனே அருள்தாஸ் அண்ணன் தனியாக எனக்கு மட்டும் செய்தி அனுப்பினார், கும்பிடும் கைகளோடு. 'பழசை எதுக்குத் தங்கச்சி கிளறணும், பேரப்பிள்ளைகள் பாக்குறாங்க.' பார்க்கட்டும் அண்ணே. என் மகளும் பார்க்கிறாள். சான்றிதழை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அதை வைத்து நீங்கள் பிழைத்தீர்கள், வீடு கட்டினீர்கள், எனக்குச் சந்தோஷம்தான். திருத்தம் போடுகிறேன் என்று வேனில் சொன்னீர்கள், அது வேண்டும் எனக்கு. தனியாக போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். எந்தக் குழுவில் அந்தத் தாளைப் போட்டீர்களோ அதே குழுவில், அதே படத்துக்குக் கீழே, எல்லாரும் பார்க்க எழுதுங்கள்: மலையை விட்டு முதலில் இறங்கியது யார்?