வைன் நாட்டில் தோடம்பழச் சாறு

போன வெள்ளிக்கிழமை பஸ் நிலையத்தில் ஒரு வாசகர் என்னை மறித்தார். கையையும் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு கிழமையா உங்கட பக்கத்தைக் காணேல்லை தம்பி. பிரான்சில வைன் கப்பல்ல போனீங்களாம்... எப்பிடி, நல்லா அடிச்சீங்களோ?"

சுற்றி நின்ற பத்துப் பேரும் திரும்பினார்கள். அதில் ஒருவர் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தின் அதிபர்.

அடித்தேனா? இதோ, எல்லோருக்கும் சேர்த்து ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். இனிமேல் யாரும் பஸ் நிலையத்தில் கேட்க வேண்டாம்.

முதலில் ஒன்று. நான் பணக்காரன் இல்லை. என் அப்பா திருகோணமலைக்குப் பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் வலை இழுக்கிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். ஆங்கிலம் படிப்பிக்கிறேன், வாரத்தில் ஒருநாள் இங்கே எழுதுகிறேன் – அவ்வளவுதான். அந்தக் கப்பலில் கிடந்த ஒரு கதிரையின் விலைக்கு எங்கள் வீட்டுக் கூரையை மாற்றலாம்.

பிறகு எப்படிப் போனேன்? கல்யாணம் கேட்டுப் போனேன்.

தர்ஷினிக்கு ஊர் அன்புவழிபுரம். என்னோடு படிப்பிக்கிறவள். அவளுடைய அப்பா குணம் மாமா, திருகோணமலைத் துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்து வரும் படகில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்கள் விஷயத்துக்கு ஒரு வருடமாக அவர் சொன்ன பதில் ஒரே சொல்: "பாப்பம்." ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. 'பாப்பம்' என்ற சொல்லோடு ஒரு வருடம் வாழ்ந்து பார்த்திருக்கிறீர்களா நீங்கள்?

தர்ஷினியின் அண்ணன் சுதன் பிரான்சில் இருக்கிறான். போர்தோ நகரத்திலிருந்து ஆற்று வழியே பழைய வைன் ஊர்களைச் சுற்றிக் காட்டும் ஒரு சொகுசுக் கப்பலில் அவனுக்குக் குசினி வேலை. சுற்றுலாப் பருவ முடிவில் ஊழியரின் குடும்பத்துக்கு ஒரு அறை சலுகையாகக் கொடுப்பார்களாம். மாமிக்கு முழங்கால் ஏலாது. "இங்கிலிஷ் தெரிஞ்ச ஒராள் கூட வந்தால் நான் போறன்" என்றார் மாமா.

தர்ஷினி என்னைப் பிடித்துக்கொண்டாள். "இதைவிட்டால் வேற சந்தர்ப்பம் இல்லை. அப்பாவோட ஒரு கிழமை நல்ல பிள்ளையா இருந்து காட்டுங்கோ. ஓமெண்டுவார்."

ஒரு கிழமை. நல்ல பிள்ளை. வைன் கப்பலில்...

விசா எடுத்த கதையைச் சொல்லி உங்களை அழவைக்க மாட்டேன். ஒரு கேள்வி மட்டும் இன்னும் தொண்டையில் நிற்கிறது. நான் ஊருக்குத் திரும்பி வருவேன் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். எதைக் காட்டுவது? தர்ஷினியின் படத்தையா?

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். சுதன் எங்களைக் கட்டிப்பிடித்துவிட்டுக் குசினிக்குள் ஓடினான்; அதன்பிறகு அவனைக் காண்பதென்றால் நடுச்சாமத்தில்தான். கப்பலில் கால் வைத்த உடனே ஒருவர் தட்டம் நீட்டினார். தட்டம் நிறைய நுரை பொங்கும் கிண்ணங்கள். வரவேற்பாம்! நான் மாமாவைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் தட்டத்தின் ஓரத்தில் இருந்த தோடம்பழச் சாற்றை எடுத்தோம்.

வெளியூர் வாசகர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் ஆட்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மாமனாருக்கு முன்னால் மருமகன் குடிக்க மாட்டான். மருமகனுக்கு முன்னால் மாமனாரும் குடிக்க மாட்டார். இருவரும் தனித்தனியே எங்கே, எவ்வளவு குடிக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்திருக்கும். அது வேறு விஷயம். கண்முன்னே கூடாது.

அறைக்குள் போனதும் மாமா கட்டிலில் இருந்துகொண்டு கேட்டார்: "தம்பி, பாவிக்கிறனீங்களோ?"

மாதக் கடைசியில் உப்புவெளிக் கடற்கரையில் இரண்டு நண்பர்களோடு ஆளுக்கு ஒரு பியர். என் குடி வாழ்க்கை அவ்வளவுதான். அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

"சீச்சீ... இல்லை மாமா. மணமே பிடிக்காது."

மணமே பிடிக்காதாம்! அதைச் சேர்க்கச் சொல்லி யார் கேட்டார்கள்?

அதன்பிறகு தொடங்கியது எரிச்சல். காலைச் சாப்பாடு முடிய வைன் தோட்டம். மதியம் வைன். மாலையில் வைனைப் பற்றிய விரிவுரை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு மாளிகை. ஒவ்வொரு மாளிகைக்குக் கீழும் ஒரு நிலவறை, அதற்குள் வரிசை வரிசையாகப் பீப்பாய்கள். வழிகாட்டிப் பெண் ஒரு பிடி மண்ணை அள்ளிக் காட்டி அரைமணித்தியாலம் பேசினாள். மண்ணில் என்ன அம்மா இருக்கிறது? மூக்கைக் கிண்ணத்துக்குள் விட்டு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். "என்ன மணக்குது?" என்று கேட்டாள். ஒருவர் பழைய தோல் சப்பாத்து என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்!

பிறகு வாயில் வைத்ததை ஒரு வாளிக்குள் துப்பினார்கள்.

"தம்பி," என்றார் மாமா மெதுவாக, "துப்புறதுக்கெண்டே வெள்ளி வாளி வச்சிருக்கினம் பாருங்கோ. எங்கட வீட்டில குடிக்கிறதுக்கே இப்பிடியொரு ஏனம் இல்லை."

அவருக்கு மாளிகையும் வேண்டாம், வைனும் வேண்டாம். ஆறுதான் வேண்டும். முதல் நாள் அதைப் பார்த்து முகம் சுளித்தார். "மழைக்கு மகாவலி வாற நிறம். இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" அடுத்த நாள் காலை யன்னல் சீலையை விலக்கினால் ஆறு இரண்டு ஆள் உயரம் இறங்கிப்போய்க் கிடக்கிறது. கரை முழுவதும் பளபளவென்று சேறு. மாமா துள்ளி எழும்பினார்.

"இது ஆறில்லை தம்பி! கடல் உள்ளுக்கு வந்து போகுது. எங்கட துறைமுகத்தில ஒரு முழம் ஏறி இறங்கினாலே பெரிசு. இஞ்ச பாருங்கோ, ஆறு மாடிப்படி மாதிரி இறங்குது."

அன்றிலிருந்து அவருக்கு இதே வேலைதான். சென் எமிலியோன் ஊரில் வழிகாட்டி, மலையைக் குடைந்து கட்டிய தேவாலயத்தைக் காட்டிக்கொண்டிருக்க, மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் – கடல் வெள்ளம் ஆற்றில் ஏறும் நேரமாம். கப்பலைக் கட்டும்போதெல்லாம் தளத்து விளிம்பில் நின்று கயிறு போடுகிறவனுக்கு மதிப்பெண் போட்டார். "உந்த முடிச்சுக் காணாது." நான்தான் அவரை இழுத்துக்கொண்டு திரிந்தேன். ஒவ்வொரு விளக்கத்தையும் தமிழில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அவரும் ஒன்றுமே தெரியாதவர் போல "ஓ... அப்பிடியோ?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஒளிக்கவில்லை. படித்தவன் அல்லவா?

இனி என் பாவத்துக்கு வருகிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா ஒரு மணித்தியாலம் நித்திரை கொள்ளுவார். இரண்டாம் நாள் அந்த நேரத்தில் மேல்தளத்துக்குப் போனேன். வைன் பரிமாறும் சில்வி என்ற அம்மா – ஐம்பது வயதிருக்கும், நல்ல மனுஷி – ஒரு கிண்ணம் சிவப்பு வைனை முன்னால் வைத்தார். எழுதுகிறவன் அனுபவிக்காமல் எழுதலாமா? வாசகர்களாகிய உங்களுக்காகத்தான் குடித்தேன். மூன்றாம் நாளும் உங்களுக்காகத்தான். நான்காம் நாள் உங்களுக்காக இரண்டு.

ஐந்தாம் நாள் இராச்சாப்பாடு. சில்வி நேரே எங்கள் மேசைக்கு வந்தார். தெளிவான ஆங்கிலத்தில், பல் தெரியச் சிரித்துக்கொண்டு, வழமையான சிவப்பையே கொண்டுவரவா என்று என்னைக் கேட்டார்.

நான் கரண்டியைத் துடைக்கத் தொடங்கினேன்.

"என்னவாம்?" என்றார் மாமா.

"சாப்பாடு எப்பிடியெண்டு கேக்கிறா மாமா."

"நல்லாயிருக்கெண்டு சொல்லுங்கோ."

நான் சில்வியிடம், வேண்டாம், தோடம்பழச் சாறு போதும் என்றேன். அந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. நேற்று இரண்டு கிண்ணம் குடித்தீர்களே, பிடித்திருக்கிறது என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டார்.

"இப்ப என்னவாம்?"

"நேற்றையான் மீன் பிடிச்சதோ எண்டு கேக்கிறா."

மாமா கரண்டியைக் கீழே வைத்தார்.

"ரெண்டு கிளாஸ் மீனோ தம்பி சாப்பிட்டனீங்கள்?"

பிறகு சில்வியின் பக்கம் திரும்பினார். இவருக்கு அதே சிவப்பு, எனக்குத் தண்ணீர், மிக்க நன்றி மேடம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். தயக்கமே இல்லாத, உரத்த ஆங்கிலம். முப்பது வருடம் வெளிநாட்டுக் கப்பற்காரரோடு கத்திக் கதைத்துப் பழகிய ஆங்கிலம். என் பட்டத்துக்கு அதில் பாதி வேகம் இல்லை.

துறைமுகத்தில் வேலை செய்தவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று எனக்கு யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. இங்கிலிஷ் தெரிந்த ஆள் வேண்டும் என்றாரே தவிர, தனக்குத் தெரியாது என்று அவர் சொல்லவே இல்லை. பள்ளிக்கூடம் முடிக்காதவருக்கு எப்படித் தெரியும் என்று நானே முடிவு கட்டினேன். சல்லியில் வலை இழுக்கிறவருடைய மகன் கட்டிய முடிவு இது! அறைக்குப் போய்த் தர்ஷினிக்கு அவசரமாக அனுப்பினேன்: 'அப்பாவுக்கு இங்கிலிஷ் தெரியும் எண்டு ஏன் சொல்லேல்லை?' பதில் வந்தது: 'நீங்கள் கேக்கேல்லையே. ஏன், என்ன நடந்தது?'

என்ன நடந்ததென்று எழுத எனக்கு விரல் வரவில்லை. 'ஒண்டுமில்லை' என்று அனுப்பினேன்.

ஆறாம் நாள் மாமா என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. பிளாய் என்ற ஊரில் ஆற்றைப் பார்த்தபடி ஒரு பெரிய கோட்டை. அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். கோட்டை மதிலில் நின்று, கீழே கரையோரம் கால் நாட்டிக் கட்டிய சின்னச் சின்ன மீன்பிடிக் குடில்களையும் அவற்றில் தொங்கிய சதுர வலைகளையும் நெடுநேரம் பார்த்தார். இது என் அப்பாவுக்குப் பிடிக்கும் என்று சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டேன். எனக்குத் தர்ஷினியின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. ஒரு வருடம் 'பாப்பம்' என்றவர் இனி என்ன சொல்லுவார்?

கடைசி நாள் பின்னேரம் அவரே மேல்தளத்துக்குக் கூப்பிட்டார். இரண்டு கரையிலும் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"குடிச்சதுக்கில்லை தம்பி. துறைமுகத்தில குடியாத ஆளை நான் கண்டதில்லை. என்னட்டப் பொய் சொன்னதையும் விடுவம். நான் உங்களுக்கு ஆரோ ஒராள். ஆனா என்ட பிள்ளையிட்டப் பொய் சொல்லக்கூடாது. என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்லோணும். ஏலுமோ?"

"ஏலும் மாமா."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப சரி. தையில வைப்பம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்ல எழும்பினேன். மாமா கையைக் காட்டி இருக்கச் சொன்னார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ரெண்டு கிளாஸ் சொல்லுங்கோ."

மாமாவுக்குச் சீனி வருத்தம் – நீரிழிவு. ஆறு வருடமாக மாமியின் கண்காணிப்பில் ஒரு துளி இல்லை. நான் தயங்கினேன். அவர் தன் கதிரையைத் தூக்கி மறுபக்கம் திருப்பிப் போட்டார். என்னுடையதையும் திருப்பச் சொன்னார். முதுகோடு முதுகு. அவர் பார்த்தது இடது கரை, நான் பார்த்தது வலது கரை.

"இப்ப நான் உங்களைக் காணேல்லை," என்றார் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"நானும் காணேல்லை மாமா."

சட்டம் காப்பாற்றப்பட்டது. அரைமணித்தியாலம் அப்படியே இருந்தோம். கடந்துபோன பயணிகள் நாங்கள் சண்டை என்று நினைத்து மெதுவாக நடந்தார்கள்.

"புளிக்குது," என்றார் மாமா. "இதுக்கோ உலகமெல்லாம் இஞ்ச ஓடி வருகுது?" பிறகு இன்னொரு கிண்ணம் கேட்டார்.

போன ஞாயிறு அன்புவழிபுரத்தில் மத்தியானச் சாப்பாடு. நாள் குறிக்கத்தான் கூப்பிட்டிருந்தார்கள். மாமி கணவாய்க்கறி வைத்திருந்தார். மாமா ஆற்று வெள்ளம் ஏறி இறங்கின கதையைக் கையால் அளந்து அளந்து சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

தர்ஷினி சோறு போட்டுக்கொண்டே, சும்மா, போகிற போக்கில் என்னைக் கேட்டாள்:

"அப்பா அங்க குடிச்சவரோ?"

மாமியின் அகப்பை நின்றது. மாமா மின்விசிறியைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

என்ன செய்யலாம், சொல்லுங்கள்? பெரியவர்கள் எங்களிடம் உண்மையைத்தான் கேட்கிறார்கள். எந்த உண்மை, யாரிடம், எந்த நேரத்தில் என்பதை மட்டும் சொல்லித் தருவதில்லை. சத்தியம் வாங்கினவரே முன்னால் இருக்கிறார். கேட்கிறவள் அவர் குறித்துச் சொன்ன அதே பிள்ளை.

"ஓம்," என்றேன். "ரெண்டு கிளாஸ்."

கல்யாணம் தையில். மாமா இன்னும் என்னோடு கதைப்பதில்லை.