ரமீஸா டீச்சருக்கு நான் சொல்லாமல் விட்ட பாதி

காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது மன்னாரிலிருந்து அழைப்பு வந்தது. “டீச்சர், சாச்சி சுபஹோட மௌத்தாகிட்டாங்க. லுஹருக்கு அடக்கம்,” என்றாள் ரமீஸா டீச்சரின் அக்கா மகள். உடனே பஸ் ஏறினாலும் நண்பகல் தொழுகைக்குள் போய்ச் சேர முடியாது. டீச்சரிடம் படித்த உங்களில் பலருக்கு அன்று ஒருவர் மூலம் ஒருவராக அவருடைய மரணச் செய்தி போயிருக்கும். எனக்கோ அதைச் சொல்லி அழ வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை.

புத்தளத்துக் கரைத்தீவில் அவரிடம் கணிதம் படித்தவர்களுக்கு அவருடைய அதட்டல் நினைவிருக்கும். அதே பாடசாலையில் நான் சிங்களம் கற்பித்தேன். கணவர் காலமாகி, மகனும் வெளிநாடு போனபின் நான் மனம்விட்டுக் கதைத்தது அவர் ஒருவரோடுதான். யுத்தத்தில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த அவர், அது முடிந்த பின்னர் ஒவ்வொரு விடுமுறையிலும் அங்கே போய், வாப்பாவின் காணியில் முள்பற்றை வெட்டி ஓர் அறை கட்டினார். கையெல்லாம் முள் கீறலோடு திரும்புவார். “என்ன டீச்சர், பூனை பிராண்டினதா?” என்று கேலி செய்வேன். “பிராண்டட்டும். பென்ஷன் எடுத்த அடுத்த நாள் நான் அங்கதான்,” என்பார். எனக்குச் சிரிப்பு வரும், ஆனால் அந்தப் பேச்சு பிடிக்காது.

ஓய்வுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது அவருக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்தது. அவருக்குச் சிங்களம் அவ்வளவாக வராது என்பதால் புற்றுநோய் கிளினிக்குக்கு நான் கூடப் போனேன். டொக்டர் சிங்களத்தில் அவசரப்படாமல் விளக்கினார். இது பெருங்குடலில் வருவதல்ல, சிறுகுடலில் வருவது, அபூர்வமானது. ஈரலுக்கும் பரவிவிட்டது, இனிக் குணமாகாது. மருந்து ஏற்றினால் சிலருக்குச் சில மாதங்கள் கூடும், சிலருக்கு ஒரு பயனும் இராது. நோய் அபூர்வமானது என்பதால் யாருக்குக் கூடும் என்று முன்கூட்டிச் சொல்வதும் கஷ்டம். மருந்து வேண்டாம், வீட்டில் இருக்கிறேன் என்றாலும் அது பிழையான முடிவல்ல.

“என்னவாம்?” என்றார் ரமீஸா டீச்சர்.

“மருந்து ஏத்தினா நல்லதாம்,” என்றேன்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை போனோம். மருந்து தொடங்கியதிலிருந்து அவர் என் வீட்டில்தான் இருந்தார். கஞ்சிகூட வயிற்றில் தங்கவில்லை. விரல் மரத்துப்போய்த் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் தவித்தார். இரண்டாவது முறைக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்: “டீச்சர், அவர் அவ்வளவு நேரம் கதைச்சார். நீங்க ஒரு வரிதான் சொன்னீங்க. மிச்சம் எங்க?”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“நான் பயந்துடுவேனென்டு மறைச்சீங்களா?”

ஓம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நோயாளியிடம் மறைப்பது நம்மிடையே வழக்கம்தானே, யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். “இல்ல டீச்சர். நீங்க மன்னாருக்குப் போயிடுவீங்களென்டுதான்,” என்றேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் எல்லாவற்றையும் மறுபடி கேட்கச் சொன்னார். ஒரு சொல்லும் விடாமல், அழுதுகொண்டே தமிழில் சொன்னேன். ஸ்கானில் கட்டி குறைந்திருக்கவில்லை. “போதும். நான் ஊருக்குப் போறேன் என்டு சொல்லுங்க,” என்றார். அதையும் நான்தான் சிங்களத்தில் சொன்னேன்.

புத்தளம் பஸ் நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லாச் சாப்பிடுங்க, தனியென்டு சமைக்காம இருக்காதீங்க,” என்றார். அவ்வளவுதான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மன்னாரில் தான் கட்டிய அந்த அறையில் அவர் பதினெட்டு நாள் இருந்தார். என் வீட்டில் இருந்தது ஆறு வாரம். அவருக்கு அது வாந்தியும் வலியுமாய்ப் போன காலம். எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, பக்கத்துக் கட்டிலில் ஒருவர் மூச்சுவிடும் சத்தம் கேட்டுக் கண்விழித்த காலம். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பவை அந்த ஆறு வாரங்கள்தான். அவை அவருடையவை, மன்னாரில் கழிந்திருக்க வேண்டியவை.