குடிபூரலுக்கு நிறுத்திய கைபிடி

புலம்பெயர்ந்து வந்த ஊரான புருசெத் பக்கம் வீட்டுக்கு வெளியே பலகைத் தளமோ படிக்கட்டோ வைத்திருக்கும் தமிழ்ச் சனம் எல்லாருக்கும் இரத்தினவேலைத் தெரியும். ஓக் மரத்தில் அவர் பூட்டிவிட்ட கைபிடியை ஆனை வந்து முட்டினாலும் அசைக்கேலாது என்பார்கள். வேலையில் அப்படி ஒரு பிடிவாதக்காரர். சொந்தக்காரருக்கு முன்னால் மட்டும் மனுசனுக்கு வாய் எழும்பாது. பெண் கொடுத்த வீட்டார் என்றால் கேட்கவே வேண்டாம்.

மனைவியின் அண்ணன் இரவீந்திரன் மலைச்சரிவில் பழைய வீடொன்று வாங்கியிருந்தார். வரவேற்பறைக் கதவைத் திறந்தால் அகலமான பலகைத் தளம். அதன் விளிம்புக்குக் கீழே, ஒரு மாடி ஆழத்தில், மொட்டைப் பாறை. ஞாயிற்றுக்கிழமை புதுவீட்டுக் குடிபூரல். விளிம்பில் நின்ற பழைய கைபிடியைக் கழற்றிவிட்டு ஓக் பூட்டுவதற்கு வெள்ளிக்கிழமை இரத்தினவேல் போனார்.

கைபிடிக் கால்களைத் தளத்தின் விளிம்பு மரத்தோடு போல்ற் போட்டு இறுக்க வேண்டும். துளை போடுமுன் வழக்கம்போலத் திருப்புளியால் குத்திப் பார்த்தார். அது பிடிவரை உள்ளே போனது. தள்ளி இன்னோர் இடத்தில் குத்தினார். அங்கும் அதே கதைதான். வெளியே பெயின்ற் பளபளத்தது. உள்ளே மரம் உக்கி, ஈரக் கோப்பித்தூள் போலக் கொட்டியது. இரவீந்திரனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“மச்சான், இதிலை கைபிடி பூட்டேலாது. விளிம்பு மரம் முழுக்க மாத்தவேணும். ஒரு கிழமை தாங்கோ.”

“உனக்கென்ன விசரே? நாள் வைச்சாச்சு, ஐயருக்குச் சொல்லியாச்சு. மொட்டையாக் கிடந்தால் சனம் என்ன கதைக்கும்? இப்ப சும்மா நிப்பாட்டிவிடு, திங்கள் கழட்டுவம்.”

“ஆரும் சாய்ஞ்சால்?”

“ஒருத்தரும் அங்கை போகாமல் நான் பாக்கிறன்.”

ஏலாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். சொல்ல வாய் வந்தால்தானே! போல்ற் பிடிக்காத மரத்தில் நாலு சின்னத் திருகாணியை முறுக்கிக் கால்களை நிறுத்தினார். தேய்த்து எண்ணெய் பூசியதும், அவர் செய்ததிலேயே வடிவான கைபிடியாக அது மினுங்கியது. பார்க்கப் பார்க்க அவருக்குப் பயம்தான் கூடியது. சிவப்பு வெள்ளை நாடாவைத் தளத்துக்குக் குறுக்கே இழுத்துக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். சனி முழுக்க மழை. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு, பால் பொங்கி முடியும்வரை தளத்துக்குப் போகும் கதவை விட்டு இரத்தினவேல் அசையவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு, “ஐயரைக் கொண்டுபோய் விட்டிட்டு வா” என்று இரவீந்திரன் கார்த் திறப்பைக் கையில் திணித்தார். ஐயரைக் காக்க வைக்க முடியுமா? போனார்.

திரும்பி வந்தபோது நாடா குப்பை வாளிக்குள் கிடந்தது. “நல்ல காரியத்துக்கு இதென்ன கோதாரி” என்று யாரோ அறுத்து எறிந்திருந்தார்கள். கைபிடி முழுக்கச் செவ்வந்தி மாலை. அதில் முதுகு வைத்துச் சொந்தக்காரர் வரிசையாக நின்றார்கள். “இன்னும் பின்னுக்கு! இன்னும் கொஞ்சம் பின்னுக்கு!” என்று படப்பிடிப்பாளர் கத்திக்கொண்டிருந்தார். இரவீந்திரனின் மகள் யதுர்ஷாவின் சின்னவன் கீழ்ச்சட்டத்தில் ஏறி நின்று, ஓக் கம்புகளைப் பிடித்து உலுப்பினான். இரவீந்திரன் மட்டும் கைபிடியில் படாமல், ஓர் அடி முன்னால் நின்றார்.

“மாமா, ஓடி வாங்கோ! உங்கட கைபிடியோடை ஒரு படம்!” என்றாள் யதுர்ஷா.

“எல்லாரும் உள்ளை வாங்கோ! இப்பவே!” வாய் எழும்பாத இரத்தினவேல் கத்தியதைக் கேட்டுச் சனம் சிரித்தது. பாய்ந்து போய்க் குழந்தையைப் பறித்துத் தாயின் கையில் கொடுத்து, அவளை உள்ளே தள்ளினார். மற்றவர்களையும் தோளில் பிடித்து இழுத்தார். சிலர் ஏசினார்கள். தளம் காலியானதும் கைபிடியின் நடுக்காலை ஓங்கி உதைத்தார்.

ஒரே உதைதான். மாலையோடு கைபிடி முழுவதும் சரிந்து பாறையில் விழுந்து நொறுங்கியது.

“ஐயோ, நல்ல நாளிலை என்ர வீட்டை உடைச்சுப்போட்டானே!” என்று இரவீந்திரன் தலையில் அடித்தார்.

யதுர்ஷா கதவடியில் நின்றே உக்கிய விளிம்பைப் பார்த்தாள். “மாமா, இது உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓம் பிள்ளை. வெள்ளிக்கிழமையே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் பூட்டினனான். அப்பாவுக்கும் சொன்னனான்.”

அவள் தகப்பன் பக்கம் திரும்பினாள். “அதுதான் நீங்கள் முன்னுக்கு நிண்டனீங்களோ, அப்பா?”

இரவீந்திரன் தலையில் வைத்த கையை மெல்ல இறக்கினார். அவள் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டு, இருவரில் ஒருவரையும் பார்க்காமல், தெருக்கதவால் இறங்கிப் போனாள்.